தொலைத்தவரே குற்றவாளியா?



செல்போன் வாங்கக் கடைக்குப் போனால் இன்று போனை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்ப முடிவதில்லை. உறை, திரைக்கு ஒட்டும் கண்ணாடி ஆகியவற்றோடு ஒரு காப்பீட்டுத் திட்டமும் பில்லில் ஏறிவிடுகிறது. "உடைந்தாலும் கிடைக்கும், தொலைந்தாலும் கிடைக்கும்" என்று விற்பனையாளர் சொல்வார். நாமும் தலையாட்டிவிடுவோம். அந்தத் திட்டத்தின் நிபந்தனைகள் எத்தனை பக்கம், அவை எங்கே எழுதப்பட்டிருக்கின்றன என்று அந்த நேரத்தில் கேட்பவர்கள் அரிது. போன் உண்மையிலேயே காணாமல் போகும் நாளில்தான் அந்தப் பக்கங்கள் திறக்கப்படுகின்றன. பொருளை இழந்தவர், தாம் பொய்யர் அல்லர் என்று நிரூபிக்க வேண்டியவராக மாறுவதும் அன்றுதான்.

இதை ஒரு சிறு வியாபாரத் தகராறு என்று ஒதுக்கிவிட முடியவில்லை. ஏனெனில் இங்கே இரண்டு இழப்புகள் நேர்கின்றன. முதலாவது இழப்பு பொருள். அதற்கு விலையும் உண்டு, ரசீதும் உண்டு. இரண்டாவது இழப்பு நற்பெயர். "உங்கள் கோரிக்கை சந்தேகத்துக்கு உரியது" என்று ஒரு வரி வந்து சேரும்போது போவது அதுதான். அதற்கு ரசீதும் இல்லை, ஈடுகட்டுவாரும் இல்லை. இந்த இரண்டாவது இழப்பைப் பற்றியே நாம் இங்கே சிந்திக்க விரும்புகிறோம்.

தெரியாததைத் தெரியாது என்றார்

நாம் அறிந்த ஒரு பங்கில், ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் இளம்பெண் ஒருவர் இருக்கிறார். தந்தை இல்லாத குடும்பம். 18,000 ரூபாய் போன் ஒன்றை மாதத் தவணையில் வாங்கினார். அதே பில்லில் ஓராண்டுக் காப்பீடும் இருந்தது. மூன்றாம் மாதத்தில் ஒரு மாலை, வேலை முடிந்து டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தவர், இறங்கிப் பார்த்தபோது கைப்பையின் ஜிப் திறந்திருந்தது. போன் இல்லை. யாராவது எடுத்தார்களா, நெரிசலில் தவறி விழுந்ததா? அவருக்குத் தெரியாது.

காவல் நிலையத்துக்குப் போனார். "திருட்டு என்றால் எஃப்.ஐ.ஆர். போடவேண்டும், நீதான் கோர்ட்டுக்கு அலையவேண்டும். காணவில்லை என்று எழுதிக் கொடும்மா" என்றார்கள். அப்படியே எழுதிக் கொடுத்தார். சி.எஸ்.ஆர். ரசீது கிடைத்தது. மறுநாள் காப்பீட்டு நிறுவனத்தின் படிவத்தை நிரப்ப உட்கார்ந்தார். இழப்பின் வகை என்ற இடத்தில் திருட்டு, விபத்துச் சேதம், தண்ணீர்ச் சேதம் என்று மூன்று கட்டங்களே இருந்தன. "தெரியவில்லை" என்பதற்குக் கட்டம் இல்லை. போன் வாங்கிய கடையில் கேட்டார். "திருட்டு என்று போடுங்கள், அப்போதுதான் கிடைக்கும்" என்றார்கள். போட்டார்.

பத்து நாள் கழித்துத் தொலைபேசியில் விசாரணை வந்தது. காவல் நிலையத்தில் காணவில்லை என்று சொன்னவர் எங்களிடம் ஏன் திருட்டு என்கிறீர்கள்? ஓரிடத்தில் சுமார் ஏழு மணி என்றும் இன்னோரிடத்தில் 6.40 என்றும் இருக்கிறதே, எது உண்மை? வாங்கிய மூன்றாம் மாதமே போனது எப்படி? பக்கத்தில் நின்றது யார்? பல கேள்விகளுக்கு அவர் சொல்ல முடிந்த ஒரே பதில், "தெரியாது சார்." மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. முரண்பட்ட தகவல்களைத் தந்து பொய்யான கோரிக்கை வைத்ததாகக் கருதப்படுவதால் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது என்று அதில் இருந்தது.

"காசு போனால் போகட்டும் ஃபாதர். என்னைப் பொய்க்காரி என்று எழுதிவிட்டார்களே" என்றுதான் அவர் அழுதார். கையில் இல்லாத போனுக்கு மாதந்தோறும் தவணை கட்டிக்கொண்டிருந்த பெண்ணுக்கு அந்த ஒரு சொல்தான் பெரிய பாரமாக இருந்தது. வீட்டிலும் பேச்சு எழுந்தது. "எதற்கு வம்பு, விட்டுவிடு" என்றார் தாய். விட்டுவிட்டால் அந்தச் சொல் உண்மையாகிவிடும் என்று மகள் பயந்தார்.

பதில் கடிதம் எழுத நாமும் அவரோடு உட்கார்ந்தோம். கடையில் கைரேகை வைத்து வெளியே வந்த நேரம், பத்திரமாக இருந்த மகளிர் இலவசப் பயணச்சீட்டு, அன்றிரவே மாற்று சிம் கேட்டுப் பதிவு செய்த நேரம், இவற்றை வரிசையாக வைத்தோம். "காணவில்லை" என்பது அவர் அறிந்தது, "திருட்டு" என்பது படிவம் தந்த சொல், இதில் முரண்பாடு எதுவும் இல்லை என்று விளக்கினோம். நான்கு மாதம் கழித்து, நல்லெண்ண அடிப்படையில் என்று சொல்லி, இழப்பில் பாதிக்குச் சற்று மேலான தொகையை நிறுவனம் அனுப்பியது. பொய்யான கோரிக்கை என்ற சொல்லை மட்டும் திரும்பப் பெறவில்லை. அந்தப் பெண் கேட்டது அந்தச் சொல்லைத்தான்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நடந்ததை நேர்மையாகச் சொல்பவரின் நினைவு எப்போதும் கோணல்மாணலாகத்தான் இருக்கும். பதற்றத்தில் கடிகாரம் பார்த்தவர் யார்? ஏமாற்ற நினைப்பவரோ, எல்லாக் கேள்விக்கும் பதில் தயாரித்துக்கொண்டே வருவார். அவருடைய நேரம் நிமிடக் கணக்கில் பொருந்தும். ஆகவே, "கதை பொருந்துகிறதா" என்று மட்டும் பார்க்கிற விசாரணை, பல வேளைகளில் நேர்மையானவரைப் பிடித்துக்கொண்டு கைதேர்ந்தவரை விட்டுவிடுகிறது.

சந்தேகத்துக்கும் காரணம் உண்டு

நிறுவனங்களின் பக்கமும் நியாயம் உண்டு என்பதை மறுக்கலாகாது. போனை விற்றுவிட்டுத் தொலைந்தது என்பவர்கள் இருக்கிறார்கள். தரையில் போட்டு உடைத்துவிட்டுப் புதிய போன் கேட்பவர்களும் இருக்கிறார்கள். "பெரிய கம்பெனிதானே, அவர்களுக்கு என்ன நஷ்டம்" என்ற பேச்சை நல்ல குடும்பங்களிலும் கேட்கிறோம். ஆனால் காப்பீடு என்பது பலர் சிறுகச் சிறுகப் போட்டு வைத்த உண்டியல். அதில் ஒருவர் பொய் சொல்லி எடுப்பது, உடன் போட்டவர்களிடமிருந்து எடுப்பதே ஆகும். ஒவ்வொரு பொய்க் கோரிக்கையும் அடுத்து வரும் உண்மைக் கோரிக்கையின்மீது சந்தேகத்தை ஏற்றி வைக்கிறது. இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமே, மோசடிகளைக் கண்காணிக்க ஒவ்வொரு நிறுவனமும் தனி ஏற்பாடு செய்ய வேண்டும் என்று 2013ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது. விசாரிப்பது நிறுவனத்தின் கடமை. அதில் குறை காண்பதற்கில்லை.

குறை வேறிடத்தில் இருக்கிறது. பல செல்போன் திட்டங்களில் "திருட்டு" என்ற சொல்லுக்கு நாம் வீட்டில் கொடுக்கும் பொருள் கிடையாது. பூட்டை உடைத்தோ, வன்முறையைப் பயன்படுத்தியோ எடுத்தால்தான் திருட்டு என்று சில திட்டங்கள் வரையறுக்கின்றன. கவனிக்காமல் வைத்த இடத்தில் போனது, எப்படிப் போனது என்று விளக்க முடியாமல் போனது ஆகியவை பல திட்டங்களில் விலக்குப் பட்டியலில் சேர்க்கப்பட்டிருக்கின்றன. "தொலைந்தாலும் கிடைக்கும்" என்று கடையில் சொன்ன வாக்குக்கும் காகிதத்தில் உள்ள வாக்குக்கும் இடையே இப்படி ஒரு பள்ளம் இருக்கிறது. அந்தப் பள்ளத்தில் விழும் எளியவர், நடந்ததைப் படிவத்துக்கு ஏற்றபடி கொஞ்சம் வளைத்துச் சொல்லத் தூண்டப்படுகிறார். வளைத்த உடனே, "பொய் சொன்னார்" என்று அவர்மேலேயே குற்றம் வருகிறது.

இருபுறமும் கூர்மையான கடமை

காப்பீட்டுச் சட்டத்தின் அடித்தளம் உயரிய நல்லெண்ணம் என்பார்கள். இந்தக் கோட்பாட்டைத் தெளிவாக வகுத்தது 1766இல் இங்கிலாந்தில் மான்ஸ்ஃபீல்டு பிரபு வழங்கிய தீர்ப்பு. வழக்கின் கதை சுவையானது. சுமத்ரா தீவின் பென்கூலனில் இருந்த மார்ல்பரோ கோட்டையின் ஆளுநர் கார்ட்டர், அந்தக் கோட்டை ஐரோப்பிய எதிரி யாரிடமாவது வீழ்ந்தால் தமக்கு நேரும் இழப்புக்குக் காப்பீடு எடுத்திருந்தார். 1760இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தார்கள். பணம் தரவேண்டியவரோ, கோட்டையின் பலவீனத்தை ஆளுநர் மறைத்துவிட்டார் என்று கூறி மறுத்தார். காப்பீடு எடுப்பவர் தமக்குத் தெரிந்ததை மறைக்கலாகாது என்று சொன்ன நீதிபதி, அந்தக் கடமை இருவருக்கும் உரியது என்றார். தாமே எளிதில் விசாரித்து அறிந்திருக்கக்கூடியதை விசாரிக்காமல் பிரீமியத்தை வாங்கிக்கொண்டவர், இழப்பு நேர்ந்த பிறகு மோசடி என்று கூச்சலிடக் கூடாது என்ற கருத்தில் ஆளுநருக்கே சாதகமாகத் தீர்ப்பளித்தார்.

நமது உச்ச நீதிமன்றமும் இதே திசையில் பேசியிருக்கிறது. விலக்கு நிபந்தனை பொருந்தும் என்று நிறுவனம் சொன்னால், அதை நிரூபிக்கும் பொறுப்பு நிறுவனத்துக்கே உரியது என்று 2007இல் ஒரு வழக்கில் தீர்ப்பானது. 2020 ஜனவரியில் மூன்று நீதிபதிகள் அமர்வு ஒரு டிராக்டர் திருட்டு வழக்கை முடித்து வைத்தது. உரிமையாளர் திருட்டு நடந்த அன்றே காவல் துறையிடம் முறையிட்டிருந்தார். ஆனால் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்க 52 நாள் ஆகிவிட்டது. அந்தத் தாமதத்தை மட்டும் காட்டி உண்மையான கோரிக்கையை நிராகரிக்கக் கூடாது என்று நீதிமன்றம் சொன்னது. சந்தேகம் எவ்வளவு வலுவாக இருந்தாலும் அது ஆதாரத்தின் இடத்தில் அமர முடியாது என்பது குற்ற வழக்குகளில் நமது நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லிவரும் விதி. ஆனால் நீதிமன்றப் படியேறும் வசதி உள்ளவருக்கே இந்த விதி எட்டுகிறது. 18,000 ரூபாய்க்காக எத்தனை பேர் படியேறுவார்கள்?

இயந்திரம் சொன்னால் சரியா?

இப்போது கோரிக்கைகளை முதலில் சலித்துப் பார்க்கும் வேலை மெல்ல மெல்லக் கணினிகளிடம் போகிறது. இது வேகத்துக்கு நல்லதுதான். ஆனால் கணினியின் சந்தேகத்தை மனிதர் சரிபார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு நாடுகளில் நடந்தவை பாடமாக இருக்கின்றன.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், வேலை இழந்தவர்களுக்கான காப்பீட்டுத் தொகையை மேற்பார்வை செய்ய 2013 அக்டோபரில் ஒரு கணினி அமைப்பு கொண்டுவரப்பட்டது. தொழிலாளி கொடுத்த தகவலுக்கும் நிறுவனம் கொடுத்த தகவலுக்கும் சிறு வேறுபாடு கண்டாலும் அது கேள்விகளை அனுப்பும். பலருக்கு அந்தக் கேள்விகள், அவர்கள் எப்போதோ பார்ப்பதை நிறுத்திவிட்ட இணையக் கணக்குகளுக்குப் போயின. குறித்த நாளுக்குள் பதில் வரவில்லையென்றால் மோசடி என்று கணினியே முடிவு செய்தது. வாங்கிய தொகையோடு அதன் நான்கு மடங்கு அபராதமும் கேட்கப்பட்டது. சம்பளத்திலிருந்து பிடித்தார்கள், வரித் திருப்பத்தையும் எடுத்துக்கொண்டார்கள். 2015 ஆகஸ்டு வரை சுமார் 40,000 பேர் இப்படி மோசடிக்காரர் ஆக்கப்பட்டார்கள். பின்னர் மாநில அரசே மறுஆய்வு செய்தபோது, மனிதர் தலையீடின்றிக் கணினி மட்டுமே முடிவு செய்த 22,427 வழக்குகளில் 93 விழுக்காடு தவறு என்று தெரிந்தது. நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று பேர் குற்றமற்றவர்கள்!

பிரிட்டனில் நடந்தது இதைவிடக் கொடிது. அங்கே கிளை அஞ்சலகங்களை நடத்தியவர்கள் எளிய கடைக்காரர்கள். அவர்களுள் இந்திய வம்சாவளியினரும் பலர். 1999 முதல் அவர்களது கணக்கு 'ஹொரைசன்' என்ற கணினி அமைப்புக்கு மாறியது. திடீர் திடீரென்று கல்லாவில் பணம் குறைவதாகக் கணினி காட்டியது. விசாரித்தவர்களிடம், "இப்படிச் சொல்வது நீங்கள் ஒருவர்தான்" என்றே பதில் வந்தது. வீட்டை அடகு வைத்துக் கட்டியவர்கள் உண்டு. 1999 முதல் 2015 வரை 900க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகளாகத் தீர்ப்பிடப்பட்டார்கள். 2010இல், கருவுற்றிருந்த இந்திய வம்சாவளித் தாய் ஒருவர், தம் மூத்த மகனின் பத்தாவது பிறந்த நாளன்று சிறைக்கு அனுப்பப்பட்டார். கணினியில்தான் கோளாறு என்று 2019 டிசம்பரில் உயர் நீதிமன்றம் கண்டது. 2021 ஏப்ரலில் 39 பேரின் தண்டனைகள் ஒரே நாளில் நீக்கப்பட்டன. 2024 மே மாதத்தில் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி எஞ்சியவர்களில் பெரும்பாலோரை விடுவித்தது. அந்தப் பழியின் காரணமாகக் குறைந்தது 13 பேர் தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டிருக்கலாம் என்று 2025 ஜூலையில் வெளியான விசாரணை அறிக்கை கூறியது. தீர்ப்பை ரத்து செய்ய முடிந்தது. அந்த உயிர்களைத் திருப்பித் தர முடியவில்லை.

இந்த இரண்டு நாடுகளிலும் தவறு செய்தது கணினி மட்டுமா? கணினி எழுப்பிய சந்தேகத்தைப் பார்த்து, எதிரில் நின்ற மனிதரின் முகத்தைப் பார்க்காமல் கையெழுத்திட்டவர்கள் அல்லவா பொறுப்பாளிகள்?

சிலம்பும் சூசன்னாவும்

காணாமல் போன பொருளுக்காகக் குற்றமற்றவர்மேல் பழி விழுவது தமிழருக்குப் புதிய கதை அன்று. சிலப்பதிகாரத்தின் திருப்பமே அதுதான். அரசியின் சிலம்பைக் களவாடிய பொற்கொல்லன், அதே போன்ற சிலம்பை விற்க வந்த கோவலனைக் காட்டிக்கொடுக்கிறான். பாண்டியன் விசாரிக்கவில்லை. ஒரு நிமிடம் செலவிட்டு இரண்டு சிலம்பிலும் பரல் என்ன என்று பார்த்திருந்தால் போதும். ஒன்றில் முத்து, மற்றதில் மாணிக்கம். கோவலன் இறந்த பிறகுதான் அந்தச் சோதனை நடந்தது, அதையும் அரசவைக்கு வந்து செய்துகாட்ட வேண்டியிருந்தது கண்ணகிதான். பழி சுமந்தவரின் வீட்டாரே உண்மையையும் தேடிக்கொண்டு வரவேண்டியிருக்கிறது என்பது அன்றும் இன்றும் ஒன்றே.

தானியேல் நூலின் 13ஆம் அதிகாரத்தில் சூசன்னாவின் கதை வருகிறது. மக்கள் மதித்த முதியவர் இருவர் அவர்மேல் பழி சுமத்தினார்கள். மதிப்புக்குரியவர்கள் சொன்னதால் சபை உடனே நம்பிவிட்டது. தானியேல் செய்தது என்ன? இருவரையும் தனித்தனியாக நிறுத்தி, எந்த மரத்தடியில் பார்த்தீர்கள் என்று கேட்டார். இருவரும் வெவ்வேறு மரத்தைச் சொன்னார்கள். தானியேலும் முரண்பாட்டைத்தான் தேடினார் என்பதைக் கவனியுங்கள். ஆகவே முரண்பாட்டைத் தேடுவது தவறன்று. பழி சுமத்தியவர்களிடமும் அதைத் தேடினார் என்பதே அவரது நீதி. நம் காலத்து விசாரணையோ இழந்தவரின் பேச்சை மட்டுமே சல்லடை போடுகிறது. கடையில் என்ன வாக்குக் கொடுக்கப்பட்டது, காவல் நிலையத்தில் ஏன் அப்படி எழுதச் சொன்னார்கள், படிவத்தில் ஏன் அந்தக் கட்டம் இல்லை என்று எவரும் கேட்பதில்லை.

விடுதலைப் பயணம் நூலின் 22ஆம் அதிகாரத்தில் நமது பொருளுக்கு இன்னும் நெருக்கமான ஒரு சட்டம் இருக்கிறது. ஒருவர் அடுத்திருப்பவரிடம் கால்நடையைப் பாதுகாக்கக் கொடுக்கிறார். அது யாரும் பார்க்காத வேளையில் இறந்துபோகிறது அல்லது ஓட்டிச் செல்லப்படுகிறது. அப்போது என்ன செய்வது? பாதுகாத்தவர், தாம் அதில் கைவைக்கவில்லை என்று ஆண்டவர்முன் ஆணையிட வேண்டும். உரிமையாளர் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். திருடு போனது என்று தெரிந்தால் ஈடுகட்ட வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. யாரும் பார்க்காத இழப்பு என்று ஒன்று உலகில் உண்டு என்பதை அந்தப் பழங்காலச் சட்டம் அறிந்திருந்தது. அங்கே மனிதரின் சொல்லுக்கு ஓர் இடம் ஒதுக்கி வைத்தது. நமது படிவங்களில் விடுபட்டிருப்பது அந்த இடமே.

நமது வீட்டு விசாரணைகள்

நிறுவனங்களைக் குறை சொல்லிவிட்டு நாம் நிம்மதியாக இருந்துவிட முடியாது. வீட்டில் மோதிரம் காணவில்லையென்றால் நமது பார்வை முதலில் யார்மேல் போகிறது? பாத்திரம் தேய்க்க வரும் அம்மாவின்மேல். அவரை நேராகக் கேட்பதுகூட இல்லை. "நாளையிலிருந்து வரவேண்டாம்" என்று சொல்லிவிடுகிறோம். பக்கத்து வீட்டுக்காரர்களிடம் காதோடு காதாக ஒரு சொல். அவ்வளவுதான், தெருவில் நான்கு வீட்டு வேலை அவருக்குப் போய்விடும். மை போட்டுப் பார்க்கிறவர்களிடம் போய் அடையாளம் கேட்டுவிட்டு வந்து பழி போடுபவர்கள் நம்மிடையேயும் உண்டு. பிறகு மோதிரம் மெத்தைக்கு அடியில் கிடைத்தால், அந்த அம்மாவைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்பவர்கள் எத்தனை பேர்?

போதிய ஆதாரமின்றிப் பிறருடைய குற்றத்தை மனத்துக்குள்ளே உண்மையென ஏற்றுக்கொள்வதையும் எட்டாம் கட்டளைக்கு எதிரான பாவமாகவே திருச்சபையின் மறைக்கல்வி வைத்திருக்கிறது. வாய் திறந்து சொல்லாவிட்டாலும் அது அவசரத் தீர்ப்புதான். கெடுத்த நற்பெயரைச் சீர்செய்வதும் கடமை என்று அது போதிக்கிறது. எடுத்த பணத்தைத் திருப்பித் தரவேண்டும் என்பது நமக்குத் தெரிகிறது. எடுத்த பெயரைத் திருப்பித் தரவேண்டும் என்பதுதான் மறந்துபோகிறது.

செய்யக்கூடியவை

பழியை ஏற்றுக்கொண்டு ஒதுங்கிவிடுவதைத் தாழ்ச்சி என்று சிலர் எண்ணுகிறார்கள். பொய்யான பழியை எதிர்த்து அமைதியாக நிற்பதும் உண்மைக்குச் சாட்சி சொல்வதே. அதற்குச் சில வழிகளை அறிந்து வைத்திருப்பது நல்லது.

முதலாவதாக, அறிந்ததை மட்டும் எழுதுங்கள். கடைக்காரர் சொன்னார், காவலர் சொன்னார் என்று சொற்களை மாற்றாதீர்கள். "இத்தனை மணிக்குக் கடைசியாகப் பார்த்தேன், இத்தனை மணிக்கு இல்லை என்று கண்டேன், யாரேனும் எடுத்திருக்கலாம் என்று சந்தேகிக்கிறேன்" என்பது உண்மையும் ஆகும், பாதுகாப்பும் ஆகும். காவல் நிலையத்திலும் காப்பீட்டுப் படிவத்திலும் அதே வரிகளைப் பயன்படுத்துங்கள். குற்றம் நடந்ததாகத் தெரியும் புகாருக்கு முதல் தகவல் அறிக்கை பதிவது காவல் துறையின் கட்டாயக் கடமை என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2013இல் தீர்ப்பளித்திருக்கிறது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி, எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். மின்னணு வழியில் கொடுத்தால் மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்திட வேண்டும்.

இரண்டாவதாக, போன் பில்லையும், போனுக்குரிய 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணையும் வேறிடத்தில் எழுதி வையுங்கள். போன் போனதும் சிம்மை நிறுத்தி, மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் அந்த எண்ணை முடக்கிவிடுங்கள். போனை விற்றுவிட்டவர் இப்படி முடக்கமாட்டார். ஆகவே உங்கள் நேர்மைக்கு அதுவும் ஒரு சான்றாக நிற்கும்.

மூன்றாவதாக, கோரிக்கையை நிராகரித்தால் எந்த நிபந்தனையின் கீழ் என்று எழுத்தில் கேளுங்கள். ஆவணம் போதவில்லை என்பதற்காகவே ஒரு கோரிக்கையை நிராகரிக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 ஜூனில் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களுக்கு ஆணையிட்டிருக்கிறது. நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு முதலில் எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றாலோ, பதில் நியாயமில்லை என்றாலோ, காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கு அவரது அலுவலகம் சென்னையில் உள்ளது. கட்டணமும் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. நிராகரித்த ஓராண்டுக்குள் போக வேண்டும்.

நான்காவதாக, கடையில் விற்கப்படுவதெல்லாம் சட்டப்படி காப்பீடு அன்று. சில, வெறும் பாதுகாப்புத் திட்டங்கள். அவற்றைப் பற்றி 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். நீங்கள் வசிக்கும் ஊருக்குரிய மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் வழக்கும் தொடரலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. அங்கே இழப்பீட்டோடு, உங்கள்மேல் எழுதப்பட்ட தவறான சொல்லைத் திரும்பப் பெறவும் தயங்காமல் கேளுங்கள்.

படித்த இளைஞர்கள் ஒவ்வொரு பங்கிலும் இருக்கிறார்கள். ஞாயிறு திருப்பலிக்குப் பின் அரைமணி நேரம் ஒதுக்கி, இத்தகைய கடிதங்களை எழுதிக் கொடுக்க இருவர் முன்வந்தாலே போதும். ஆங்கிலக் கடிதத்தைக் கண்டு பயந்து பழியைச் சுமந்துகொண்டு ஒதுங்கிவிட்ட பலர் நிமிர்ந்து நிற்பார்கள்.

காப்பீட்டு நிறுவனங்களிலும் வங்கிகளிலும் அலுவலகங்களிலும் நம் மக்கள் வேலை பார்க்கிறார்கள். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் மேசைக்கு வரும் ஒவ்வொரு கோப்பிலும் ஒரு மனிதர் இருக்கிறார். சந்தேகம் வந்தால் கேளுங்கள், நன்றாகக் கேளுங்கள். ஆனால் "மோசடி" என்ற சொல்லை எழுதும் முன், அதை நிரூபிக்க உங்கள் கையில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். ஒன்றும் இல்லையென்றால் "எங்கள் நிபந்தனைக்குள் வரவில்லை" என்று எழுதினால் போதுமே. தொகை கிடைக்காவிட்டாலும் அவர் தலைநிமிர்ந்து வீட்டுக்குப் போவார்.